பாட்டு சாரின் பெட்டியை ஏலத்தில் விடாதீர்கள்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஐயர் அவர்களுக்கும், சேகரக் கமிட்டி அண்ணன்மாருக்கும், பாடகர் குழுவில் இப்போது இருக்கிற தம்பி தங்கைகளுக்கும்,

ஸ்தோத்திரம். நான் யாரென்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். நம் கோயிலில் ஆர்மோனியம் வாசித்துப் பாட்டு நடத்திய பாட்டு சாருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து ஒன்பது வருடம் டோலக் வாசித்தவன். இப்போது பிழைப்பு சென்னையில். போன ஞாயிறு ஆராதனையில் வாசித்த அறிக்கையை என் தங்கை அன்று மத்தியானமே போனில் சொன்னாள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் காணிக்கைப் பொருட்களோடு கோயிலில் கிடக்கும் பழைய சாமான்களையும் சேர்த்து விடப் போகிறீர்களாம். உடைந்த பெஞ்சு மூன்று, ஓடாத ஃபேன், பழைய ஸ்பீக்கர் இரண்டு, ஆர்மோனியம் ஒன்று. அதே அறிக்கையில், மறைந்த பாட்டு சார் நினைவாக கோயில் சுவரில் பளிங்குக் கல் பதிக்க நன்கொடை தருகிறவர்கள் பெயர் கொடுக்கலாம் என்றும் இருந்ததாம்.

இரண்டையும் அடுத்தடுத்து எழுதியவருக்கு அந்த ஆர்மோனியம் யாருடையது என்று தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்து எழுதியிருக்க மாட்டார்கள். அதனால் யார் மீதும் கோபத்தில் இதை எழுதவில்லை. ஆனால் ஏலத்துக்கு இன்னும் சில வாரம்தான் இருக்கிறது, போனில் ஒவ்வொருவரிடமாகச் சொன்னால் ஆளுக்கொரு விதமாகப் போய்ச் சேரும், அதனால் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெட்டியைப் பற்றி. அது கோயில் பணத்தில் வாங்கியது கிடையாது. சார் வேலையில் சேர்ந்த புதிதில் தன் சம்பளத்தில் மாதாமாதம் எடுத்து வைத்து, பழையதாக வாங்கியது. அவர் அதை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் கோயிலிலேயே வைத்ததால் அது கோயில் சாமான் ஆகிவிட்டது. ஓட்டு வீட்டில் மழைக்கு ஒழுகும், எலி துருத்தியைக் கடித்துவிடும் என்பதுதான் அவர் சொன்ன காரணம். உண்மையான காரணம் வேறு என்று சாரின் மனைவி, எங்கள் சாரம்மா, ஒரு நாள் சொன்னார்கள்: வீட்டில் இருந்தால் தன்னுடையது என்று தோன்றிவிடும், யாராவது பையன் வந்து தொட்டால் கை வந்து தடுக்கும், கோயிலில் இருந்தால் எல்லோரும் தொடலாம். அப்படித் தொட்டுத்தான் நான் சரிகம கற்றேன். ஏலப் பட்டியல் எழுதியவரின் அண்ணனும் அப்படித்தான் கற்றார்.

சாருடைய அப்பா தேரிக்காட்டுப் பக்கம் பனையேறி. பதநீர்க் காலம் வந்தால் குடும்பத்தோடு விடிலிக்கு, பனங்காட்டில் போடும் ஓலைக் குடிசைக்கு, போய்விடுவார்கள், அந்த மாதங்களில் பள்ளிக்கூடம் கிடையாது, கருப்பட்டி காய்ச்சும் அடுப்புக்கு ஓலையும் சுள்ளியும் பொறுக்கிப் போடுவதுதான் வேலை. பாட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இரண்டு இடம் சொல்வார். ஒன்று, சாயங்காலம் விடிலி விடிலியாக வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போகும் உபதேசியார். அவருக்குப் பாட்டுப் புத்தகம் தேவைப்படாது, இருட்டில் பாடுவார், கீர்த்தனையின் எல்லாச் சரணங்களும் மனப்பாடம். இன்னொன்று, பக்கத்து ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்த ஸ்பெஷல் நாடகம். வேதக்காரப் பையன் கொடைக்குப் போனான் என்று தெரிந்தால் முதுகுத் தோல் உரியும், அதனால் மணலில் படுத்துத் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தாராம். மேடையில் ராஜா வந்தார், ராணி வந்தார், அதெல்லாம் ஞாபகமில்லை. ஓரத்தில் உட்கார்ந்து காலால் மிதித்துக்கொண்டே இரண்டு கையாலும் வாசித்த ஆர்மோனியக்காரரை மட்டும் விடிய விடியப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பார். நடிகர் ஒரு வரியைப் பாடி நிறுத்தியதும் அந்தப் பெட்டி அதே வரியைத் திருப்பிச் சொல்லுமாம், அது இவருக்கு ஒரு மனுஷன் பதில் பேசுகிற மாதிரியே இருந்ததாம். பிறகு ஆசிரியர் பயிற்சி படிக்கும்போது அந்த மாதிரி ஒரு நாடகக்காரரைத் தேடிப் பிடித்து, அவருக்குத் துணி துவைத்துக் கொடுத்து வாசிப்பைக் கற்றிருக்கிறார். அந்தப் பெரியவர் நெற்றி நிறைய விபூதி பூசியவர். கடைசி வரை சார் அவர் படத்தை வீட்டில் வைத்திருந்தார், போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நாடகக் கைவாசனை அவர் வாசிப்பில் இருந்ததால் ஆரம்பத்தில் நம் கோயிலில் சில மூப்பர்களுக்குப் பிடிக்கவில்லை. கூத்தாடிப் பெட்டி கோயிலுக்குள்ளா என்று கேட்டிருக்கிறார்கள். ஆர்மோனியத்துக்கு அது புதிதும் இல்லை. அகில இந்திய வானொலியே 1940ல் அதை உள்ளே விடக்கூடாது என்று தடை போட்டு, முப்பது வருடத்துக்கு மேல் அந்தத் தடையை வைத்திருந்தது. நம் ராகங்களுக்கு வேண்டிய அசைவு அதில் வராது, சுரங்கள் கட்டை கட்டையாக நிற்கும் என்பது அவர்கள் சொன்ன குறை. அந்தக் குறை உண்மைதான், சாரே ஒத்துக்கொள்வார். தோடியிலும் சஹானாவிலும் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குக் குரல் வழுக்கிப் போகும் இடத்தில் ஆர்மோனியக் கட்டையால் என்ன செய்ய முடியும்? அவர் அந்த இடத்தில் வலது கையை எடுத்துவிடுவார். சுதி மட்டும் ஒலித்துக்கொண்டிருக்கும். வழுக்கல் முழுக்கக் குரலில் வரும், அது முடிந்ததும் கை திரும்ப வந்து உட்காரும். பதினான்கு வயதில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு, சாருக்குக் கை வலிக்கிறது போல என்றுதான் தோன்றியது. எங்கே வாசிக்கக் கூடாது என்று தெரிந்து கையை எடுக்கிறார் என்பது புரிய எனக்கு நான்கைந்து வருடம் ஆனது.

இப்போது பாடகர் குழுவில் இருக்கிற பிள்ளைகளுக்காக ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் கோயிலில் மூன்று விதமான பாட்டு இருந்தது. 1706ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் ஐயர் காலம் தொடங்கி ஜெர்மன் மெட்டில் தமிழ் வார்த்தை வைத்துப் பாடியவை ஞானப்பாட்டுகள். பிறகு வந்த பப்ரிசியுஸ் ஐயர் அப்படி நிறைய மொழிபெயர்த்தார். ஆங்கிலேயர்களின் மெட்டில் வந்தவை பாமாலைகள். மூன்றாவதுதான் கீர்த்தனை, பல்லவி அனுபல்லவி சரணம் என்று நம்முடைய ராகத்திலும் தாளத்திலும் நம்முடைய ஆட்களே கட்டியது. அதில் பெரிய பெயர் வேதநாயக சாஸ்திரியார். 1774ல் திருநெல்வேலியில் பிறந்தவர், சிறுவயதிலேயே மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூர் போய், சரபோஜி ராஜா காலத்தில் அங்கேயே வாழ்ந்து, 1864ல் இறந்தார். அமெரிக்க மதுரை மிஷனில் இருந்த எட்வர்ட் வெப் என்கிற ஐயர் 1853ல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார், அதில் சாஸ்திரியாருடையவை நிறைய. 1853, 1864 இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாஸ்திரியார் உயிரோடிருக்கும்போதே அந்தப் புத்தகம் வந்துவிட்டது. ஆள் இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

ஆனால் புத்தகத்தில் வந்தது வார்த்தை. நம் கையில் இருக்கும் கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள், பாட்டுக்கு மேலே செஞ்சுருட்டி, ஆதி தாளம் என்றோ, சங்கராபரணம், ரூபகம் என்றோ ஒரு வரி இருக்கும். அவ்வளவுதான். செஞ்சுருட்டியில் நூறு மெட்டுப் போடலாமே, இந்தப் பாட்டுக்கு எது? அது பாடியவர் வாயிலிருந்து கேட்டவர் காதுக்குப் போய்த்தான் வந்திருக்கிறது, உபதேசியார், பாட்டு வாத்தியார், பைபிள் உமன் அக்காமார், பாட்டிமார் என்று. சாஸ்திரியார் குடும்பத்தில் இன்றைக்கும் அந்தப் பட்டத்தோடு தலைமுறை தலைமுறையாகப் பாடுகிறார்கள் என்றால் அங்கே ஒரு குடும்பம் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டது. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917ல் கருணாமிர்த சாகரம் என்று அவ்வளவு பெரிய இசைப் புத்தகம் போட்டார், மெட்டைச் சுரக் குறிப்போடு எழுதி வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர், தானே கீர்த்தனைகளும் கட்டினார். நம் ஊரில் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டது ஒரே ஒரு ஆள், சம்பளம் இல்லாமல், கிறிஸ்மஸுக்கு ஒரு வேட்டி துண்டு வாங்கிக்கொண்டு.

அவருக்கு எத்தனை கீர்த்தனை தெரியும் என்று நான் எண்ணியதில்லை. புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டினாலும் பாடுவார். சில பாட்டுக்கு இரண்டு மூன்று மெட்டுகள் சொல்வார்: இது புத்தகத்தில் போட்டிருக்கிற ராகம், யாரும் பாடுவதில்லை, இது மேலத்தெருக்காரர்கள் பாடுவது, இது தேரிக்காட்டு உபதேசியார் பாடியது, இதைத்தான் நான் செத்தால் பாட வேண்டும். அந்தக் கடைசி மெட்டுக்குத் தாளம் மிஸ்ர சாபு, ஏழு எண்ணிக்கை, மூன்றும் நாலுமாக நொண்டி நொண்டி நடக்கும். துக்கத்தில் இருக்கிறவன் நேராக நடக்க மாட்டான், இந்தத் தாளம் அவன் நடக்கிற நடை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

துக்க வீடுகளைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. சாவுச் செய்தி வந்தால், அது நம் சபை ஆளா, பெந்தெகொஸ்தா, ஆர்சியா, எந்தத் தெரு, எந்தச் சாதி என்று கேட்காமல் சைக்கிள் கேரியரில் கைப்பெட்டியை வைத்து, கிழிந்த டியூபால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு காலத்தில் இந்த ஊரில் சில தெருக்களுக்கு நம் ஆட்களே போக மாட்டார்கள் என்பது வயதானவர்களுக்குத் தெரியும். அங்கே திண்ணையில் உட்கார்ந்து பாடி, அங்கே கொடுத்த கடுங்காப்பியைக் குடித்துவிட்டு வந்ததற்காக இரண்டு பேர் அவரோடு ஆறு மாதம் பேசவில்லை. அவர்களில் ஒருவர் இறந்தபோது விடிய விடிய அந்த வீட்டில் பாடியதும் அவர்தான்.

சுதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வோம், எண் கூடினால் சுதி மேலே. துக்க வீட்டில் அவர் எடுக்கும் சுதி ஒரு கட்டை, சில நாள் அதற்கும் கீழே. எனக்குக் கோபம் வரும், எடுபடவே இல்லையே சார் என்பேன். அழுது தொண்டை கட்டின பொம்பளைகள் எப்படி மேலே போவார்கள், அவர்கள் பாட வேண்டாமா என்பார். கல்யாண வீட்டில் இரண்டரை, மூன்று. கோயிலில் காலை ஆராதனைக்கு ஒன்று, சாயங்கால ஆராதனைக்கு அதைவிட அரைக்கட்டை கூட, ஏனென்றால் காலையில் குரல் எழும்பியிருக்காது. மார்கழிக் குளிரில் பஜனைக்குப் பெட்டியைக் கழுத்தில் வாரால் தொங்கவிட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போகும்போது பெட்ரோமாக்ஸ் விளக்குக்குப் பின்னால் சின்னப் பிள்ளைகள் எந்த உயரத்தில் பாடுகின்றனவோ அந்த உயரம். சபை பாட வேண்டும், அதற்கு வசதியாகத்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்பதுதான் அவருடைய ஒரே சட்டம். தனக்கு எந்தச் சுதி சௌகரியம் என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

பெட்டியை ரிப்பேர் பண்ண வெளியூர் கொண்டு போக மாட்டார். ஐப்பசி மழையில் மரம் உப்பிக் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும், மூடியைத் திறந்து உள்ளே ஒரு சின்ன பல்பை எரியவிட்டு இரண்டு நாள் காய வைப்பார். ரீடு சுதி விலகினால் பித்தளை நாக்கை வெளியே எடுத்துப் பிளேடு முனையால் சுரண்டுவார். நுனியில் சுரண்டினால் சுதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். ஒரு இழை கூடப் போய்விட்டால் அப்புறம் அடுத்த பக்கம் சுரண்டிச் சரிக்கட்ட வேண்டும், பித்தளை மெலிந்துகொண்டே போகும். அதனால் சுரண்டுவதற்கு முன்னால் கண்ணை மூடி ரொம்ப நேரம் கேட்பார். நீங்கள் ஏலத்தில் விடப் போகிற பெட்டியின் ஒவ்வொரு நாக்கிலும் அவருடைய பிளேடு பட்ட தடம் இருக்கிறது. மூடியைக் கழற்றிப் பார்த்தால் தெரியும்.

கீபோர்டு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், இது கொஞ்சம் கஷ்டமான பகுதி. அதை வாங்கச் சொல்லி அப்போதைய கமிட்டியிடம் மனு கொடுத்தவர்களில் நானும் ஒருவன், கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சார் எதிர்க்கவில்லை. முதல் நாள் கீபோர்டு வாசித்த பையனிடம் போய், சுதியை மாற்ற ஒரு பொத்தான் இருக்கிறதாமே காட்டு என்று கேட்டு, அவன் அழுத்தி அழுத்திக் காட்டியபோது சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். இது எவ்வளவு வசதி, யார் பாடுகிறார்களோ அவர்களுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாமே என்றார். அவர் புரிந்துகொண்ட விதம் அது. நாங்கள் அதை வைத்துச் செய்தது வேறு. மைக்கில் பாடுகிற இரண்டு பேருக்கு எடுப்பாக இருக்கும் சுதியை வைத்துக்கொண்டோம். சபை மெதுவாக வாயை மூடியது. பிறகு கீபோர்டுக்குள்ளேயே இருக்கும் தாளத்தைப் போட்டுவிட்டோம். அதில் நாலு எண்ணிக்கை இருக்கிறது, மூன்று இருக்கிறது, ஆறு இருக்கிறது. ஏழு இல்லை. சாபு தாளக் கீர்த்தனைகளை எல்லாம் ஒரு எண்ணிக்கையை இழுத்து எட்டாக்கி நாலு நாலாகத் தட்டையாக்கிப் பாடினோம். டோலக் வாசித்த எனக்கு அது தெரியாமல் போனதென்று சொல்ல முடியாது. தெரிந்தது. சொல்லவில்லை. சுலபமாக இருந்தது, அதனால்.

அதன் பிறகு திரையில் வார்த்தை போட ஆரம்பித்ததும் ஏழு சரணம் இரண்டாகியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சார் வந்தபோது அவர் உட்காரும் இடத்தில் ஸ்பீக்கர் இருந்தது. யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை, மூன்றாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தார், சாகும் வரை அதே பெஞ்சு. ஆர்மோனியப் பெட்டியின் மேல் பாட்டுப் புத்தகங்களை அடுக்கினோம், பிறகு பூச்சாடி வைத்தோம், பிறகு அது உள் அறைக்குப் போனது. அவருடைய அடக்க ஆராதனைக்கு நான் ரயில் ஏறி வந்து சேர்ந்தபோது ஒரு போனிலிருந்து பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள், நல்ல பாட்டுதான், ஆனால் எங்கேயோ யாரோ பாடியது. தான் செத்தால் பாட வேண்டும் என்று அவர் சொல்லியிருந்த பாட்டை அந்த மெட்டில் எடுக்க யாருக்கும் தெரியவில்லை. நான் எடுக்கப் பார்த்தேன். தாளம் கையில் இருந்தது, மெட்டு அனுபல்லவியில் தவறிவிட்டது. அப்போது சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கீழத்தெரு பெரிய பாட்டி, தொண்ணூறு வயது இருக்கும், தலையைக் கூட நிமிர்த்தாமல் அனுபல்லவியை எடுத்துக் கொடுத்தார்கள். அப்புறம் இன்னும் இரண்டு பாட்டிமார் சேர்ந்தார்கள். ஒரு கட்டைக்கும் கீழே. ஏழு சரணமும் பாடினார்கள், புத்தகம் இல்லாமல். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தீர்கள், நான் புதிதாக எதுவும் சொல்லவில்லை.

அந்த அரை மணி நேரத்தை யாரும் பதிவு செய்யவில்லை. எல்லோர் கையிலும் போன் இருந்தது. என் கையிலும் இருந்தது.

அதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன். பளிங்குக் கல் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, ஊர் ஆசைப்பட்டால் வைக்கட்டும். ஆனால் அவர் பெயரைச் சுவரில் எழுதிவிட்டு அவர் வைத்திருந்த மெட்டுகளை இந்த மூன்று நான்கு பாட்டிமாரோடு மண்ணில் வைத்தோமானால், அந்தக் கல்லைப் பார்த்து நாளைக்கு ஒரு பிள்ளை, இவர் என்ன பாடினார் என்று கேட்டால் யார் பாடிக் காட்டுவது?

சாரின் மகளிடம் பேசினேன். அவருடைய பழைய கீர்த்தனைப் புத்தகம் பத்திரமாக இருக்கிறது, அட்டை போய்விட்டது, துணி ஒட்டி வைத்திருக்கிறார். அடக்கத்துக்கு மறுநாள் ஒரு மணி நேரம் அதைப் புரட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலில் எழுதியிருக்கிறார். எந்தக் கட்டை, எந்த எடுப்பு, எந்த இடத்தில் சபை மூச்சு விடும். சில பாட்டுக்குப் பக்கத்தில் சுரமே எழுதியிருக்கிறார், மங்கிவிட்டது, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் படிக்கலாம். ஒரு பக்கத்தில், இங்கே பாட்டிமார் இழுப்பார்கள், காத்திரு, என்று இருந்தது. இன்னொரு பக்கத்தில் ஒரு தேதியும், இன்று சபை நன்றாகப் பாடியது என்றும். தன் வாசிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கூட நான் பார்க்கவில்லை.

சரி, நான் கேட்பது இதுதான். அந்தப் பெட்டியை ஏலப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்கு ஏலத்தில் என்ன வந்திருக்குமோ அதை நான் காணிக்கையாகக் கட்டிவிடுகிறேன், பெட்டி கோயிலிலேயே இருக்கட்டும், ஆனால் உள் அறையில் வேண்டாம். துருத்தித் துணியையும் நாலைந்து கட்டைகளையும் மாற்றினால் வாசிக்கலாம் என்று நினைக்கிறேன், அந்தச் செலவும் என்னுடையது. மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒரே ஒரு கீர்த்தனை, தாளப் பெட்டியை நிறுத்திவிட்டு, எல்லாச் சரணமும், பாட்டிமாருக்குச் சௌகரியமான சுதியில் பாட இடம் கொடுங்கள் ஐயரே. ஆராதனை பத்து நிமிடம் நீளும், அதற்கு மேல் ஆகாது.

அதைவிட முக்கியமானது பதிவு. இதற்குக் கமிட்டித் தீர்மானமோ பணமோ வேண்டாம், நாலு பிள்ளைகளும் போனும் போதும். பாட்டிமாரின் வீட்டுக்கே போக வேண்டும், கோயிலுக்கு வரவழைத்து மைக் முன்னால் உட்கார வைத்தால் பாட மாட்டார்கள். ஃபேனை நிறுத்திவிட்டு, போனைத் தலையணை மேல் வைத்துவிட்டு, முதலில் அவர்கள் பேச்சைக் கேளுங்கள். கல்யாணத்துக்கு எந்தப் பாட்டு, பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது எது, புருஷன் இறந்தபோது எது என்று கேட்டால் பாட்டு தானாக வரும். தப்பாகப் பாடினால் திருத்தாதீர்கள், இரண்டு பேர் இரண்டு மெட்டில் பாடினால் இரண்டும் இருக்கட்டும், யார் பாடியது, யாரிடம் கற்றது, எந்தத் தெரு என்று தொடக்கத்திலேயே குரலில் சொல்லிப் பதிவு செய்யுங்கள். சாரின் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் எடுக்க அவர் மகள் சம்மதித்திருக்கிறார்கள், புத்தகம் அந்த வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்பது மட்டும் அவர்கள் நிபந்தனை, நியாயம்தானே.

கீபோர்டு வாசிக்கும் தம்பிக்கு ஒரு வார்த்தை. உன்னைக் குறை சொல்வதாக நினைக்காதே. உனக்கு நல்ல காது என்று சாரே என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். உன்னால்தான் இந்த மெட்டுகளைச் சுரமாக எழுத முடியும், எனக்கு அது வராது. ஏழு எண்ணிக்கையை நான் உனக்கு ஒரு மத்தியானத்தில் கையில் போட்டுக் காட்டிவிடுவேன், அப்புறம் உன் கீபோர்டிலேயே அதை வாசிக்கலாம், அதில் தாளப் பொத்தான் இல்லையே தவிர உன் கை இருக்கிறது.

டிசம்பர் முதல் வாரம் எனக்கு லீவு கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில் ஏறினால் சனிக்கிழமை காலை ஊரில் இருப்பேன், பஜனை தொடங்குவதற்கு முன்னால் ஒரு வாரம் முழுக்க நம் கையில். டோலக்கை எடுத்து வருகிறேன். கீழத்தெரு பெரிய பாட்டிக்கு இப்போது சாயங்காலத்தில் நினைவு தடுமாறுகிறதாம், காலையில் தெளிவாக இருக்கிறார்களாம். அதனால் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முதலில் அவர்கள் வீடு. யார் யார் வருகிறீர்கள் என்று என் தங்கையிடம் சொல்லிவிடுங்கள்.

கிறிஸ்துவுக்குள்,
பாட்டு சாரின் டோலக் பையன்